புளி மூட்டை வீட்டுக்கு வந்தாலும் அது கூலி வேலைதான்

கேள்வி: கிருஷ்ணகிரி பழையபேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். புளி சீசனில் ஏஜென்ட் ஒருவர் ஓட்டோடு மூட்டையை இறக்கிவிட்டுப் போவார். ஓடு தட்டி, நார் எடுத்து, கொட்டை நீக்கிக் கொடுத்தால் கிலோவுக்கு 12 ரூபாய். 40 கிலோ மூட்டைக்கு 22 கிலோ புளி திரும்ப வரவேண்டும் என்பது அவர் கணக்கு. போன வாரம் 20 கிலோதான் வந்தது. என் கூலி 240 ரூபாய். குறைந்த 2 கிலோவுக்குக் கிலோ 120 என்று போட்டு, அந்த 240 ரூபாயையும் பிடித்துக்கொண்டார். கேட்டால், "இது உன் வீடு, கம்பெனி இல்லை. வீட்டு வேலைக்கெல்லாம் சட்டம் கிடையாது" என்கிறார். தீபாவளிக்கு 5,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருப்பதால் வேறு ஆளிடம் மூட்டை எடுக்கவும் விடுவதில்லை. ஏழாவது படிக்கும் மகளும் சாயங்காலம் கூட உட்காருகிறாள். புகார் கொடுத்தால் மூட்டை அடுத்த தெருவுக்குப் போய்விடுமோ என்று பயம். என்ன செய்வது?
- ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மூட்டைக்குக் கையில் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்பது புரிந்ததும் கடிதத்தை அப்படியே வைத்துவிட்டேன். என் அத்தை வீடு போச்சம்பள்ளிப் பக்கம். மாசி, பங்குனியில் போனால் அத்தையின் விரல் நுனியெல்லாம் கறுத்துப்போய் இருக்கும். குழம்புக்கு உப்பைத் தொட்டாலே எரியும் என்பார். அந்தக் கைக்குக் கூலி பூஜ்யம் என்று ஒருவர் கணக்கு முடிக்கிறார் என்றால் அதை விடக்கூடாது.

முதலில் "வீட்டு வேலைக்குச் சட்டம் கிடையாது" என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். அது பொய். ஒருவர் தன் வியாபாரத்துக்காகப் பொருளைக் கொடுத்தனுப்பி, இன்னொருவர் அதைத் தன் வீட்டிலேயே வைத்துச் சுத்தம் செய்து கொடுத்தாலும் அவர் தொழிலாளிதான் என்று 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டமே சொன்னது. 1966இல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்தபோது, வீட்டில் பீடி சுற்றும் பெண்களும் அதற்குள் வந்தார்கள். எதிர்த்து முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். சட்டம் செல்லும் என்று 1974இல் தீர்ப்பானது.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 1948 சட்டத்தின் இடத்தில் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பொருளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது பற்றிய அந்தத் தெளிவான வாசகம் இதில் அப்படியே இல்லை. எனக்கு இதில் வருத்தம்தான். ஆனால் வாய்ப்பேச்சாகவோ, பேசாமலே இருவருக்கும் புரிந்த ஏற்பாடாகவோ கூலிக்கு வேலை செய்தாலும் கணக்கில் வரும் என்று இதிலும் இருக்கிறது. கிலோ கணக்கில் தரும் துண்டுக் கூலிக்கும் குறைந்தபட்ச அளவு உண்டு. மூன்று வருடத்துக்குள் பாக்கியைக் கேட்டு மனுப் போடலாம். கூலியைக் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. உங்களுடையது இல்லை.

சரி, ஏஜென்ட் என்ன சொல்வார்? "இந்த அம்மா யாரென்றே தெரியாது" என்பார். அதனால் வக்கீலுக்கு முன்னால் உங்களுக்குத் தேவை ஒரு நாற்பது பக்க நோட்டு. மூட்டை வந்த தேதி, எடை, யார் இறக்கினார், வண்டி எண், எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், திருப்பிக் கொடுத்த எடை, வாங்கிய பணம், பிடித்த பணம் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஏஜென்ட் கையெழுத்துப் போடாவிட்டாலும் பரவாயில்லை. போனில் மூட்டையையும் தராசு முள்ளையும் படம் எடுத்து வையுங்கள். பணம் ஜிபேயில் வந்தால் இன்னும் நல்லது.

எடை விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், உங்கள் பணம் போவது அங்கேதான். ஓட்டோடு கூடிய புளியில் சதை பாதிக்கு முன்னே பின்னே இருக்கும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொட்டை. மீதி ஓடும் நாரும். மரத்துக்கு மரம், புளி காய்ந்திருக்கும் அளவுக்கு ஏற்ப இது மாறும். உங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு நாள் கிடந்தாலே ஈரம் போய் எடை இறங்கும். ஆகவே எல்லா மூட்டையும் 22 கிலோ தரவேண்டும் என்பது நியாயமில்லை. அடுத்த மூட்டைக்கு இப்படிச் செய்யுங்கள். இறக்கும்போதே உங்கள் கண்முன் எடை போடச் சொல்லுங்கள். முடிந்ததும் புளியை மட்டுமில்லாமல் கொட்டை, ஓடு, நார் எல்லாவற்றையும் சேர்த்து எடை போடுங்கள். மொத்தம் 40 கிலோவை ஒட்டி வந்தால் உங்கள் வீட்டில் ஒன்றும் காணாமல் போகவில்லை என்பதை அவர் மறுக்க முடியாது.

அவர் தராசில் அரசு முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் எடையளவு முத்திரையைப் பார்ப்பதும் தொழிலாளர் துறைதான். கூலிப் புகாரையும் தராசுப் புகாரையும் அதே துறையில் கொடுத்துவிடலாம்.

அட்வான்ஸ் கடன்தான், திருப்பித் தரவேண்டியதுதான். ஆனால் அதைக் காட்டி வேறு இடத்தில் வேலை செய்யாதே என்று தடுப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் பக்கம் போகிற விஷயம். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று 1982லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை அவரிடம் நிதானமாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

மகள் விஷயம். உங்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வீட்டு நிலைமை தெரிகிறது. ஆனாலும் 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் உதவலாம் என்ற, குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் இதற்குப் பொருந்தாது. வருமானம் தரும் உற்பத்தி வேலையில் எந்தக் கட்டத்திலும் பிள்ளைகள் இருக்கக் கூடாது என்று 2017 விதிகள் சொல்கின்றன. நாளைக்கு நீங்கள் புகார் கொடுத்தால் அவர் முதலில் தொடப்போவது இதைத்தான். அவளைப் புளி முன்னால் உட்கார வைக்காதீர்கள். நோட்டில் கணக்கை எழுதித் தரட்டும், அவள் கையெழுத்து உங்களதைவிட நன்றாக இருக்கும்.

அப்புறம் உங்கள் பயம். மூட்டை அடுத்த தெருவுக்குப் போகும் என்பது நிஜமான பயம். சட்டம் வந்தால் வேலையே போய்விடுமோ என்ற பயமும் அதற்குள் இருக்கிறது. அமெரிக்காவில் அப்படி நடந்தும் இருக்கிறது. வீட்டுக்குள் சரியான கூலி கொடுக்கிறார்களா என்று பார்க்க முடியவில்லை என்று, 1940களில் கையுறை, பொத்தான், எம்பிராய்டரி போன்ற ஏழு தொழில்களில் வீட்டு வேலையையே தடை செய்தார்கள். பிறகு 1980களில் பெரும்பாலானவற்றைத் திறந்துவிட்டு, வேலை கொடுப்பவர் சான்றிதழ் வாங்க வேண்டும், நேரத்தையும் வேலையையும் ஒரு கைப்புத்தகத்தில் பதிய வேண்டும் என்று வைத்தார்கள். எனக்கும் தடையில் சம்மதமில்லை. சிறு பிள்ளையையும் வயதான மாமியாரையும் வைத்துக்கொண்டு வெளியே போக முடியாத பெண்ணுக்கு அந்த மூட்டைதான் வருமானம். அது பதிவோடு வரட்டும்.

மாவட்டத் தலைநகரில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் மனு தரலாம். அதே தொழிலாளர் துறையின் சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகத்தில், புளி உடைக்கும் வேலை எந்த நல வாரியத்தில் வரும் என்று கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவும் போடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் தனியாகப் போகாதீர்கள். உங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் இதே ஏஜென்டிடம் மூட்டை எடுக்கும் நாலு பேரிடம் முதலில் பேசுங்கள். எல்லோரும் ஒரு மாதம் நோட்டுப் போட்டு, ஒரே நாளில் சேர்ந்து போங்கள். அடுத்த தெருவும் உங்களோடு வந்துவிட்டால் அவர் மூட்டையை எங்கே கொண்டுபோய் இறக்குவார்?