வீட்டில் ரெக்கார்டிங் செய்ய, நிஜ டிரம்ஸ் போல ஒலிக்கும் மென்பொருள் எது?

கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவு: விண்டோஸ் லேப்டாப், 8 ஜிபி ரேம், ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருள், இரண்டு இன்புட் உள்ள சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ். கிடாரும் குரலும் நன்றாக வருகின்றன, டிரம்ஸ் மட்டும் "கீபோர்டில் தட்டின மாதிரி" இருக்கிறது என்று கேட்பவர்கள் சொல்கிறார்கள். எதை வாங்கினால் சரியாகும்?

ஒரு வரியில் பதில் வேண்டுமானால், காசு கொடுத்து வாங்க ஈஸிடிரம்மர் 3 அல்லது அடிக்டிவ் டிரம்ஸ் 2. இலவசமாக வேண்டுமானால் எம்டி பவர் டிரம்கிட் 2. ஆனால் இந்த வரியை மட்டும் படித்துவிட்டு கார்டு நம்பரைப் போட்டுவிடாதீர்கள்.

எந்த டிரம் மென்பொருள் கைக்கு வந்தாலும் நான் முதலில் கேட்பது ஹை-ஹேட்டைத்தான், அதாவது காலால் திறந்து மூடும் ஜோடி சிம்பல் தட்டுகளை. கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர் (அடியில் கம்பிகள் உள்ள சின்ன டிரம்) இரண்டையும் இன்றைக்கு எல்லாக் கம்பெனிகளும் பிரமாதமாகப் பதிவு செய்து தருகின்றன. டெமோ வீடியோக்களும் அந்த இரண்டைத்தான் ஓங்கி அடித்துக் காட்டும். சாயம் வெளுப்பது ஹை-ஹேட்டில். பாட்டு முழுக்க விடாமல் ஒலிப்பது அதுதான். குச்சியின் நுனியால் தட்டினால் ஒரு ஒலி, தண்டால் விளிம்பில் அடித்தால் வேறு ஒலி. இரண்டு தட்டுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நொடிக்கு நொடி டிரம்மரின் கால் மாற்றிக்கொண்டே இருக்கும். இறுக்கமாக மூடியது, லேசாக மூடியது, கால்வாசி திறந்தது, பாதி, முழுதாகத் திறந்தது, காலால் மட்டும் மூடும்போது வரும் 'சிக்' என இத்தனையையும் தனித்தனியாகப் பதிவு செய்யாத மென்பொருளில் நீங்கள் என்ன வித்தை காட்டினாலும் மெஷின் வாடை போகாது.

சிம்பல் விவகாரம் இன்று நேற்று வந்ததில்லை. ரோஜர் லின் 1980இல் எல்எம்-1 என்ற டிரம் மெஷினைக் கொண்டுவந்தார். நிஜ டிரம்ஸைப் பதிவு செய்து டிஜிட்டல் சாம்பிளாக வைத்த முதல் டிரம் மெஷின் அது. அதில் கிராஷ், ரைடு என்ற பெரிய சிம்பல்கள் இரண்டும் கிடையாது. சிம்பல் ஒருமுறை அடித்தால் நெடுநேரம் ஒலிக்கும். அவ்வளவையும் சேமிக்க அந்தக் காலத்து மெமரி விலை கட்டுப்படியாகவில்லை. 1982இல் வந்த லின்டிரம்மில்தான் அவை சேர்ந்தன. இன்றைக்கு மெமரி மலிந்துவிட்டது. அப்படியும் மலிவான கிட்களில் கஞ்சத்தனம் தெரியும் இடம் சிம்பல்தான். ஒலி அடங்கும் முன்பே வெட்டிவிட்டிருப்பார்கள்.

சரி, வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது? சோதனைப் பதிப்போ இலவசப் பதிப்போ கிடைத்தால் ரீப்பரில் ஏற்றிக்கொண்டு மூன்று காரியம் செய்யுங்கள்.

முதலில் ஸ்னேரில் பதினாறாம் பாக நோட்டுகளை (ஒரு எண்ணிக்கைக்கு நாலு) வரிசையாக, எல்லாம் ஒரே வெலாசிட்டியில் (அடியின் பலத்தைக் குறிக்கும் எண்), சும்மா 100 என்று வைத்து வரையுங்கள். ஒலி, மெஷின் கன் வெடிப்பது போல 'டடடட' என்று வந்தால் ஒரே சாம்பிளைத்தான் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுகிறது. நல்ல மென்பொருள் ஒவ்வொரு அடிக்கும் வேறு வேறு பதிவை மாற்றி மாற்றி எடுக்கும். இதற்கு ரவுண்ட் ராபின் என்று பெயர். காதில் சந்தேகம் என்றால் ரெண்டர் செய்து (ஆடியோ கோப்பாக மாற்றி), அடுத்தடுத்த இரண்டு அடிகளை வெட்டி இரண்டு டிராக்கில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் துல்லியமாக வைத்து, ஒன்றின் ஃபேஸை, அதாவது ஒலி அலையின் மேடு பள்ளத்தை, தலைகீழாக்குங்கள். முழு நிசப்தம் வந்தால் இரண்டும் ஒரே பதிவு. விற்பவரின் இணையப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

அடுத்து, அதே ஸ்னேரை வெலாசிட்டி 15இலிருந்து 125 வரை படிப்படியாக ஏற்றுங்கள். சத்தம் கூடுவது மட்டும் போதாது, குணமும் மாற வேண்டும். நிஜ ஸ்னேரை மெதுவாகத் தட்டினால் அடியில் இருக்கும் கம்பிகளின் சரசரப்புதான் அதிகம் கேட்கும். ஓங்கி அடித்தால் தோலும் விளிம்பும் சேர்ந்து வெடிக்கும். பலமான அடியின் ஒலியைக் குறைத்துவைத்தால் அது மெல்லிய அடி ஆகிவிடாது. நடுவில் எங்கேயாவது ஒலி படிக்கட்டு ஏறுவதுபோல் திடீரென்று மாறினாலும் லேயர்கள் (வெவ்வேறு பலத்தில் பதிவு செய்த அடிகள்) போதவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, திறந்த ஹை-ஹேட்டை அடித்து உடனே மூடிய நோட்டைப் போடுங்கள். முதல் ஒலி சட்டென்று இயல்பாக அடங்க வேண்டும். கத்தரித்த மாதிரி நின்றாலோ, பின்னணியில் தொடர்ந்து இரைந்தாலோ, அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

இனி மென்பொருள்கள். டூன்ட்ராக் என்ற ஸ்வீடன் கம்பெனியின் ஈஸிடிரம்மர் 3, 2022இல் வந்தது. பெர்லினில் உள்ள ஹன்ஸா ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். உங்களுக்கு இதைச் சொல்ல முக்கியக் காரணம் ஒலியைவிட அதிலுள்ள மிடி (ஒலியை அல்ல, எந்த நோட்டு, எவ்வளவு பலம் என்பதைச் சேமிக்கும் முறை) குரூவ்கள். நிஜ டிரம்மர்கள் வாசித்துப் பதிவான தாளங்கள் அவை. அவர்கள் கையின் ஏற்ற இறக்கம் அப்படியே அதில் இருக்கும். பேண்ட்மேட் என்ற வசதியில் உங்கள் கிடார் டிராக்கை இழுத்துப் போட்டால், அதற்குப் பொருந்தும் தாளங்களை அதுவே எடுத்துத் தரும். முதலில் எனக்கு இது விளம்பர வித்தையாகத்தான் பட்டது. ஆனால் டிரம்ஸ் வாசிக்கத் தெரியாத கிடார்காரருக்கு இதைவிட உருப்படியான உதவி எதிலும் நான் பார்க்கவில்லை.

அதே கம்பெனியின் சுப்பீரியர் டிரம்மர் 3 வேறு ரகம். 2017இல் வந்தது. பெல்ஜியத்தின் கேலக்ஸி ஸ்டுடியோவில் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜார்ஜ் மாசன்பர்க் பதிவு செய்தது. முழுதாக இறக்கினால் 230 ஜிபிக்கு மேல். ஒவ்வொரு மைக்கிலும் பக்கத்து டிரம்மின் ஒலி எவ்வளவு கசிய வேண்டும் என்பதுவரை உங்கள் கையில். மிக்ஸிங்கே தொழிலாக இருப்பவர்களுக்குச் சொர்க்கம். குறைவான மைக்குகளோடு சிறிய அளவிலும் இன்ஸ்டால் செய்யலாம் என்றாலும், 8 ஜிபி ரேமை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் போக வேண்டாம்.

உங்கள் லேப்டாப்புக்கு மிகவும் ஒத்துப்போவது எக்ஸ்எல்என் ஆடியோவின் அடிக்டிவ் டிரம்ஸ் 2. இவர்களும் ஸ்வீடன்தான், அந்த ஊரில் என்னதான் சாப்பிடுகிறார்களோ. சீக்கிரம் ஏறும், ரேமை விழுங்காது. ஒலி ஏற்கெனவே கொஞ்சம் மெருகேற்றி வருவதால் பாட்டுக்குள் போட்டதும் உட்கார்ந்துவிடும். அந்த மெருகே சிலருக்குப் பிடிக்காது. மென்மையான, இடைவெளி நிறைந்த பாட்டு என்றால் எனக்கும் பிடிக்காது. ராக் பாட்டுக்கு ஸ்டீவன் ஸ்லேட் டிரம்ஸ், மெட்டலுக்கு கெட்குட் டிரம்ஸ். மேக் வைத்திருப்பவர்கள் காசு செலவழிக்கும் முன் கராஜ்பேண்டில் இலவசமாக வரும் டிரம்மரையே நன்றாகப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

இலவசத்தில் எம்டி பவர் டிரம்கிட் 2ஐத் திறக்கும்போதெல்லாம் நன்கொடை கேட்கும் திரை ஒன்று வரும், தாண்டிப் போய்விடலாம். கிட் ஒன்றுதான், ஆனால் அடிப்படைத் தாளங்களும் கூடவே வருகின்றன. ஸ்லேட்டுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. டிரம்கிஸ்மோ என்ற திறந்த மூல மென்பொருளில் ஒவ்வொரு மைக்கும் தனித்தனி சானலாக வரும். மிக்ஸிங் கற்றுக்கொள்ள அருமை. ஆனால் கிட்கள் கனம், அதைக் கட்டி எழுப்பும் பொறுமையும் வேண்டும்.

இதையெல்லாம் சொன்னாலும், கீபோர்டில் தட்டின மாதிரி இருப்பதற்குப் பாதிக் காரணம் மென்பொருள் இல்லை, அதற்கு நாம் கொடுக்கும் நோட்டுகள். ஒரே ஒரு பாரை (தாளத்தின் ஒரு சுற்றை) எடுத்துக்கொள்வோம். சாதாரண நாலு தாளம், ஹை-ஹேட் எட்டு அடி. எட்டையும் 100 வெலாசிட்டியில் வைத்தால் தையல் மெஷின். 1, 2, 3, 4 என்ற எண்ணிக்கையில் விழும் அடிகளை 95 வாக்கிலும், நடுவில் விழுபவற்றை 60, 65 வாக்கிலும் வையுங்கள். உடனே கை ஏறி இறங்குவது கேட்கும். ஸ்னேர் 2இலும் 4இலும் 115. இப்போது 3க்குச் சற்று முன்பு வரும் கடைசிப் பதினாறாம் பாகத்தில் ஸ்னேரில் ஒரு அடி, வெலாசிட்டி 25 அல்லது 30. கோஸ்ட் நோட் என்பார்கள். தனியாகக் கேட்டால் இருப்பதே தெரியாது, எடுத்துவிட்டால் பாட்டு நொண்டும். அப்புறம் 2, 4 ஸ்னேர் அடிகளை மட்டும் எட்டு, பத்து மில்லி செகண்ட் பின்னால் தள்ளுங்கள். கிக்கை அதன் இடத்திலேயே விடுங்கள். தாளம் கொஞ்சம் சாய்ந்து உட்காரும்.

இந்த வேலையை ஹியூமனைஸ் பட்டனிடம் விடாதீர்கள். அது நோட்டுகளைக் கண்டபடி முன்னும் பின்னும் சிதறடிக்கும். நல்ல டிரம்மரின் கை அப்படிச் சிதறாது. அவர் ஸ்னேரைத் தாமதமாக அடிக்கிறார் என்றால் பாட்டு முழுக்க ஏறக்குறைய அதே அளவுதான் தாமதிப்பார்.

இன்னொன்று, டிரம்மருக்குக் கை இரண்டுதான். ஸ்னேர், கிராஷ், ஹை-ஹேட் மூன்றும் குச்சியால் ஒரே நேரத்தில் விழுந்தால், கேட்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ தப்பு என்று காது சொல்லிவிடும். கிராஷ் விழும் இடத்தில் ஹை-ஹேட்டை எடுத்துவிடுங்கள், கிராஷுக்கு அடியில் கிக் வையுங்கள். டாம் டிரம்களில் உருட்டும்போது ஹை-ஹேட் நிற்க வேண்டும். வேண்டுமானால் காலால் மூடும் 'சிக்' மட்டும் தொடரலாம்.

மிக்ஸிங்கில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். கிக், ஸ்னேரிலிருந்து தொடங்காமல் டிரம்ஸுக்கு மேலே இருக்கும் ஓவர்ஹெட் மைக்கையும் அறையின் ஒலியைப் பிடிக்கும் ரூம் மைக்கையும் முதலில் ஏற்றி, கிட் முழுதாகக் கேட்ட பிறகு மற்றவற்றைத் தேவைக்கு மட்டும் சேருங்கள். பெர்லின் ஸ்டுடியோவின் பெரிய அறையில் பதிவான டிரம்ஸுக்குப் பக்கத்தில், படுக்கையறையில் போர்வை கட்டிப் பாடிய குரலை வைத்தால் இரண்டும் ஒட்டாது. ரூம் மைக்கைக் குறையுங்கள், அல்லது குரலுக்கும் கிடாருக்கும் சின்ன அறை ரிவர்ப் (அறையின் எதிரொலி) ஒன்றைப் பொதுவாகக் கொடுங்கள். "ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது" என்ற புகார் பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரு மென்பொருளுக்கு எழுதிய மிடியை இன்னொன்றில் போட்டால் தாளம் குழம்பலாம். மிடி நோட்டு எண்ணில் கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹை-ஹேட் 42, திறந்தது 46 என்பது பொது ஏற்பாடு. ஆனால் ஹை-ஹேட்டின் மற்ற நிலைகளை ஒவ்வொருவரும் தங்கள் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறார்கள். பிளக்இன்னுக்குள்ளேயே (ரீப்பருக்குள் ஏற்றும் டிரம் மென்பொருள்) மேப்பிங், அதாவது எந்த எண்ணுக்கு எந்த ஒலி என்பதை, மாற்றும் இடம் இருக்கும், தேடிப் பாருங்கள். வாங்குவது என்று முடிவு செய்தால் நவம்பர் கடைசிவரை பொறுக்கலாம். பிளாக் ஃப்ரைடேயை ஒட்டி இந்தப் பிளக்இன்கள் பலவும் தள்ளுபடியில் வரும்.

கடைசியாக, நீங்கள் கேட்காதது. தமிழில் பாட்டு போடுகிறீர்கள் என்றால் என்றைக்காவது ஆறு-எட்டுத் தாளத்தில் (6/8) ஒரு குத்து வேண்டியிருக்கும். மேலே சொன்ன மென்பொருள்களின் தாளங்கள் பெரும்பாலும் ராக், பாப், ஜாஸ் காதுகளுக்காக வாசித்தவை. அவற்றில் உள்ள ஆறு-எட்டு நம்ம ஊர் நடையில் நடக்காது. டோலக், தபலாவுக்கு ஸ்வர்பிளக் மாதிரி இந்திய வாத்தியப் பிளக்இன்கள் உண்டு, ஒப்பேற்றலாம். பறைக்கும் தவிலுக்கும் மென்பொருள் தேடி அலைவதைவிட வாசிப்பவரை வீட்டுக்கு அழைப்பதே மேல். உங்கள் இன்டர்ஃபேஸில் இரண்டு இன்புட் இருக்கிறது. பறைக்கு ஒரு மைக் போதும், ஒரு முழம் தள்ளி வையுங்கள். தவிலுக்கு விரல் கூடு விழும் வலந்தலைப் பக்கம் ஒன்று, கழி விழும் தொப்பிப் பக்கம் ஒன்று. கெய்னை (இன்டர்ஃபேஸில் உள்ளே வரும் ஒலியின் அளவை) மட்டும் நன்றாகக் குறைத்துவிட்டு ஆரம்பியுங்கள், தவில் சத்தத்துக்கு மீட்டர் முதல் அடியிலேயே சிவந்துவிடும்.