எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் நூலகம் வெறும் 19 என்ற பிழை எண்ணைத்தான் தருகிறது. முழுக் காரணத்தை எப்படி வாங்குவது?

விவரம் நூலகத்திடம் இருக்கிறது, கேட்டால்தான் தரும். 19 என்றால் ஏதோ ஒரு கட்டுப்பாடு மீறப்பட்டது, அவ்வளவுதான். எது என்று அறிய எக்ஸ்டெண்டட் எரர் கோடை, அதாவது விரிவான பிழை எண்ணைக் கேளுங்கள். 2067 வந்தால் யுனிக் (மதிப்பு இரட்டிக்கக் கூடாது), 1299 வந்தால் நாட் நல் (காலியாக விடக் கூடாது), 787 வந்தால் ஃபாரின் கீ (சுட்டும் வரிசை இன்னொரு டேபிளில் இருக்க வேண்டும்). மூன்றையும் 256ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 19தான் வரும். கடைசி எட்டு பிட்டில் பழைய எண், அதற்கு மேலே உட்காரணம். பைத்தான் 3.11 முதல் எக்ஸப்ஷனோடு இந்த எண்ணும் அதன் பெயரும் சேர்ந்தே வருகின்றன.

வாக்கியமாக வேண்டுமென்றால் எர்எம்எஸ்ஜி ஃபங்ஷன் இருக்கிறது. ஆனால் அதை எப்போது அழைக்கிறீர்கள் என்பதில்தான் பலருக்கும் உதைக்கிறது. பிழை வந்ததும் முதலில் ரோல்பேக் செய்துவிட்டு (மாற்றங்களைத் திரும்பப் பெற்றுவிட்டு), அப்புறம் செய்தியைக் கேட்பார்கள். ரோல்பேக் வெற்றியாக முடிந்திருக்கும், ஆகவே "நாட் அன் எரர்" என்று பதில் வரும்! தோற்ற அழைப்புக்கு அடுத்த வரியிலேயே, அதே கனெக்ஷனில் கேட்டு, கிடைத்த சரத்தை உங்கள் சொந்த நினைவகத்துக்கு நகலெடுத்துவிடுங்கள். ஒரே கனெக்ஷனைப் பல த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் இழைகள்) பகிர்ந்தால் இதுவும் கைகொடுக்காது, இடையில் இன்னொரு த்ரெட் செய்தியை மாற்றிவிடலாம்.

யுனிக் பிழையில் டேபிள் பெயர், நெடுவரிசைப் பெயர் இரண்டும் செய்தியிலேயே இருக்கும். ஃபாரின் கீ விஷயத்தில் அந்தத் தயவெல்லாம் கிடையாது, எந்தக் கீ என்றே சொல்லாது. அதற்கு நான் செய்வது: டேட்டாபேஸ் கோப்பை நகலெடுத்து, நகலில் ஃபாரின் கீ சோதனையை அணைத்துவிட்டு அதே இன்சர்ட்டை ஓட்டுவேன். பிறகு ஃபாரின்_கீ_செக் பிராக்மாவை (எஸ்கியூலைட்டின் தனிக் கட்டளை) கொடுத்தால், எந்த டேபிளின் எந்த வரிசை எந்தத் தாய் டேபிளைத் தேடித் தோற்றது என்று காட்டிவிடும்.

உங்களுக்கும் எஸ்கியூலைட்டுக்கும் நடுவில் வேறொரு லைப்ரரி உட்கார்ந்து செய்தியை விழுங்குகிறதா? சி மொழியில் எழுதுகிறீர்கள் என்றால் எஸ்கியூலைட்டின் எரர் லாக் கால்பேக்கை, அதாவது பிழை வரும்போது அது அழைக்கும் உங்கள் ஃபங்ஷனைப் பொருத்துங்கள். நடுவில் யார் இருந்தாலும் பிழை நேராக உங்களிடம் வரும், பெரும்பாலும் தோற்ற எஸ்கியூஎல் வரியோடு. ஒன்று, நூலகம் தொடங்கும் முன்பே பொருத்திவிடுங்கள். பழைய பதிப்புகளில் தாமதித்தால் 21, அதாவது மிஸ்யூஸ் (தவறான பயன்பாடு) என்று திருப்பி அனுப்பிவிடும். இன்னொன்று, மதிப்புகளைப் பைண்ட் செய்யாமல் (தனியாக இணைக்காமல்) வரிக்குள்ளேயே ஒட்டி எழுதியிருந்தால் கடவுச்சொல் உட்பட எல்லாம் லாக்கில் போய் விழும்.