அரிச்சல்முனையில் காத்திருந்த நாய்

கேள்வி: ஐயா, நான் தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனையில் சிப்பிமாலை விற்பவள். இரண்டு வாரங்களுக்கு முன் வண்டிகள் திரும்பும் இடத்தில், கழுத்தில் சிவப்புப் பட்டையுடன் ஒரு நாய் தனியே நின்றது. நான்கு நாட்கள் அந்த இடத்தை விட்டு அகலாமல், வருகிற வெள்ளை வேன் ஒவ்வொன்றின் பின்னாலும் ஓடியது. மனம் பொறுக்காமல் ஆட்டோவில் ஏற்றிப் பாம்பனுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பத்து நாட்களாகியும் நாங்கள் பார்க்கும்போது சோற்றைத் தொடுவதில்லை. கதவைத் திறந்தால் சாலைக்கு ஓடப் பார்க்கிறது. 'நன்றி கெட்ட நாய், எடுத்த இடத்திலேயே விட்டுவிடு' என்கிறார் என் வீட்டுக்காரர். என்ன செய்யட்டும்?
– வாசகி, பாம்பன்

பதில்: அம்மா, தயவுசெய்து திரும்பக் கொண்டுபோய் விடாதீர்கள். இருபுறமும் கடல் சூழ்ந்த அந்த மணல்திட்டில், மனிதர்கள் மணலைத் தோண்டி ஊற்றெடுத்தால்தான் நல்ல தண்ணீர். தாகம் தாங்காமல் கடல்நீரைக் குடிக்கும் நாய்க்கு வாந்தியும் வலிப்பும் கண்டு உயிரே போகலாம். நான்கு நாட்கள் அது பிழைத்திருந்ததே பெரிது.

அது நன்றி கெட்ட நாய் அல்ல. தன் வீட்டாரைக் கடைசியாகப் பார்த்த இடம் அந்தச் சாலை என்பதால், அங்கே போனால் அவர்கள் வருவார்கள் என்று நம்புகிறது. நாய்களை மீட்டு வளர்ப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: அச்சம் தணிய மூன்று நாள், வீட்டு நடப்பு பழக மூன்று வாரம், இது என் வீடு என்று உணர மூன்று மாதம். இது தோராயமான கணக்குதான். உங்கள் நாய்க்குக் கூடுதலாகவும் ஆகலாம். தேவிபட்டினத்தில் நான் எடுத்து வளர்த்த நாய் ஐந்து வாரம் வாசற்படிக்கு வெளியேதான் படுத்தது. கூப்பிட்டால் காதை மட்டும் திருப்பும், எழுந்து வராது. ஒரு மழை இரவில், யாரும் அழைக்காமலே உள்ளே வந்து, கழற்றிப் போட்டிருந்த என் செருப்பின் மேல் முகவாயை வைத்துத் தூங்கியதை இன்றும் மறக்க முடியவில்லை.

எனவே சோற்றைத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே மூலையில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். கண்ணுக்குக் கண் பார்ப்பதும் தலைக்கு மேலே கை நீட்டுவதும் வேண்டாம். கருவாடும் உப்புக்கண்டமும் அதற்கு ஆகாது. உப்பில்லாமல் வேகவைத்த மீனை முள் நீக்கிச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். இன்னும் சில வாரங்களுக்குக் கயிறில்லாமல் வெளியே விட வேண்டாம்.

உரிமையாளரைத் தேடுவதும் உங்கள் கடமையே. இராமேசுவரம் காவல் நிலையத்தில் தகவல் சொல்லுங்கள். விடுதிகளிலும் வேன் ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் படத்தைப் பகிருங்கள். படத்தில் தெரியாத ஓர் அடையாளத்தை, ஒரு மச்சத்தையோ தழும்பையோ, வெளியில் சொல்லாமல் வைத்திருந்தால், உரிமை கோரி வருபவரைச் சோதிக்க உதவும். சில வளர்ப்பு நாய்களுக்குத் தோளெலும்புகளுக்கு நடுவே, தோலடியில் 15 இலக்க எண் கொண்ட மைக்ரோசிப் இருக்கும். அதைப் படிக்கும் கருவி உள்ள மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வேண்டுமென்றே இறக்கிவிட்டுப் போயிருந்தால், அது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். அப்படிப்பட்டவர்கள் தேடி வரப் போவதில்லை.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியை உடனே போடுங்கள். ஆனால் நோய்க்கிருமி முன்பே உடலில் புகுந்திருந்தால் ஊசி காப்பாற்றாது என்பதால், சில மாதங்களுக்குக் குழந்தைகளை அதனுடன் தனியே விடாதீர்கள். கடித்தாலோ நகம் கீறினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: தெருவில் காணும் நாய்களையெல்லாம் வீட்டுக்கு எடுத்துவர விரும்புகிறேன். சரியா?
– வாசகர், கீழக்கரை

பதில்: தெருவில் நிற்கும் நாயெல்லாம் தொலைந்த நாய் அல்ல. காது நுனியில் வெட்டடையாளம் இருந்தால் அதற்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று பொருள். அந்தத் தெருவே அதன் வீடு. அங்கேயே தண்ணீர் வைத்துக் கவனியுங்கள்.

கேள்வி: மீட்டு வளர்க்கும் நாயைக் கரையில் நடக்க அழைத்துப் போகிறேன். வலையிலிருந்து கழித்துப் போட்ட மீன்களை அது தின்னலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: கூடவே கூடாது. அவற்றில் பேத்தை மீன் கிடக்கும். அதன் நஞ்சு நரம்புகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்திவிடும். முறிக்க மருந்து கிடையாது. பட்டினி கிடந்து பழகிய நாய் எதைக் கண்டாலும் விழுங்கப் பார்க்கும் என்பதால், கரையில் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். தின்றுவிட்டால் உப்புக் கரைசல் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது இன்னொரு நஞ்சு. கால்கள் தள்ளாடும் வரை பார்த்துக்கொண்டிராமல், அந்த மீனில் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு விரையுங்கள்.