ஏழாவது படிக்கும் மகளுக்குச் சொல்ல, சாதித்த கறுப்பினப் பெண் இயக்குநர் யாராவது உண்டா?

உண்டு, யூசான் பால்சி. என் அக்கா மகளுக்கு நான் சொன்ன கதை இது. அவளுக்கும் பன்னிரண்டு வயதுதான்.

கரீபியன் கடலில் மார்த்தினிக் என்று பிரான்சுக்குச் சொந்தமான ஒரு தீவு. யூசான் 1958இல் அங்கே பிறந்தவர். சின்ன வயதிலேயே சினிமாப் பைத்தியம். ஆனால் திரையில் கறுப்பர் வந்தாலே வேலைக்காரர், இல்லாவிட்டால் கோமாளி. அது அவருக்குப் பொறுக்கவில்லை. 14 வயதில் ஜோசப் ஜோபெலின் நாவல் ஒன்று கையில் கிடைத்தது. அதே தீவு, 1930கள், கரும்புத் தோட்டத்துச் சிறுவனும் அவன் பாட்டியும். இதைப் படமாக எடுத்தே தீர்வது என்று அன்றைக்கே முடிவு. 1975இல் பாரிசுக்குப் போய் இலக்கியமும் சினிமாவும் படித்தார். 1983இல் படம் வந்தேவிட்டது, ஆங்கிலத்தில் 'ஷுகர் கேன் ஆலி' என்று பெயர்!

எனக்கு அந்தப் பாட்டியைத்தான் பிடிக்கும். வாயில் சுங்கான், கரும்புக் காட்டில் உழைத்துத் தேய்ந்த உடம்பு. மற்ற பிள்ளைகளைப் போலப் பேரனையும் தோட்ட வேலைக்கு அனுப்பு என்றால் கேட்கமாட்டாள். அவன் பள்ளிக்கூடம்தான் போகவேண்டும். பாட்டியாக நடித்த டார்லிங் லெஜிதிமுஸ் எழுபதைத் தாண்டியவர். வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை அவர்தான். படத்துக்கும் அங்கே வெள்ளிச் சிங்கம் விருது கிடைத்தது.

அப்புறம் ஹாலிவுட். தென்னாப்பிரிக்க நிறவெறியைப் பற்றி எம்.ஜி.எம். நிறுவனத்துக்கு 1989இல் 'எ டிரை ஒயிட் சீசன்' எடுத்தார். பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோவுக்குப் படம் இயக்கிய முதல் கறுப்பினப் பெண் அவர். கதைக்காக, பாட்டு ரெக்கார்டிங் செய்ய வந்தவள் என்று சொல்லிக்கொண்டு, அங்கே கறுப்பர்கள் வாழ்ந்த சொவெட்டோ பகுதிக்குள்ளேயே போய், அடிபட்ட குடும்பங்களிடம் பேசினார். (இந்த இடத்தில்தான் எங்கள் வீட்டுச் சின்னவள் செல்போனைக் கீழே வைத்தாள்.) நடிப்பை விட்டு ஒன்பது வருடம் ஒதுங்கியிருந்த மார்லன் பிராண்டோ, கோடிகளை விட்டுவிட்டு, நடிகர் சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வந்து நடித்தார். அந்த வேடத்துக்கு ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது.

இவ்வளவு செய்தும், கறுப்பர், அதுவும் பெண், போட்ட பணம் திரும்பாது என்ற பேச்சை யூசான் பல வருடம் கேட்டுச் சலித்தார். கௌரவ ஆஸ்கர் 2022இல்தான் வந்தது. ரொம்பத் தாமதம் என்பேன்.

சரி, மகளுக்கு எந்தப் படம் காட்டுவது? பாட்டி படம் போதும். இன்னொன்றில் சித்திரவதைக் காட்சிகள் உண்டு, நான்கைந்து வருடம் போகட்டும். பாட்டி படத்தில்கூட பிள்ளைகள் ரம் குடித்துவிட்டு ஆடும் இடம் ஒன்று வரும். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கடைசியில் பாட்டி இறந்துபோவாள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் ஒரே அழுகை.