நியாய வணிகம் ஏழை உழவர்களை உண்மையிலேயே உயர்த்துமா?

உழவருக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும் என்ற விதிகளின்படி வாங்கிய பொருளுக்குத் தரப்படும் நியாய வணிக (Fairtrade) முத்திரை உள்ள பொருளை வாங்கினால் வளரும் நாட்டு உழவருக்கு ஏதேனும் போய்ச் சேருகிறதா, சிறு தொழிலால் ஓர் ஊர் தலைநிமிர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேருகிறது. ஆனால் முத்திரை தரும் கூடுதல் காசைவிட, தராசும் நிறுவனத்தின் பங்குகளும் யார் கையில் இருக்கின்றன என்பதே முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கானா நாட்டின் குவாபா கோக்கூ என்னும் கொக்கோ உழவர் கூட்டுறவின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

கானாவில் கொக்கோவுக்கான கொள்முதல் விலையை அரசே அறிவிக்கிறது. 1990களின் தொடக்கத்தில் உள்நாட்டுக் கொள்முதலை மட்டும் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டபோது, அரசின் கொக்கோ வாரியத்தில் உழவர் பிரதிநிதியாக இருந்த நானா ஃப்ரிம்பாங் அப்ரெப்ரெசே முன்னின்று, 1993இல் உழவர்களே நடத்தும் கொள்முதல் அமைப்பை உருவாக்கினார். விலை அரசு வைத்ததுதான் என்றால் கூட்டுறவு எதைச் சாதிக்கும் என்று தோன்றலாம். காயைப் பிளந்து, விதைகளை வாழையிலையால் மூடி ஆறு நாள் அளவுக்குப் புளிக்கவைத்து, பின்பு பாயில் பரப்பி ஒரு வாரம் கிளறிக் கிளறிக் காயவைக்கும் உழைப்பின் பலன், கொள்முதல்காரரின் பொய்த் தராசில் கிலோ கிலோவாகக் கரைந்துகொண்டிருந்தது. நெல் மூட்டையோடு களத்தில் காத்துக்கிடந்தவர்களுக்கு இந்த வேதனையை விளக்கத் தேவையில்லை. குவாபா கோக்கூவில் எடை போட்டுக் கணக்கு எழுதுபவரை அந்தந்த ஊர்ச் சங்கத்தாரே தேர்ந்தெடுத்தார்கள். வெளியிலிருந்து ஒரு காசு வருவதற்கு முன்பே உழவரின் வருமானத்தைக் காத்த ஏற்பாடு இது.

முத்திரையின் பயன் அதற்கு அடுத்தது. நியாய வணிக விதிப்படி, 2019 அக்டோபர் முதல் ஒரு டன் கொக்கோவுக்கு 240 டாலர் ஊக்கத்தொகை கிடைக்கிறது. மூட்டைக்கு ஏறத்தாழ 15 டாலர். இதை எதற்குச் செலவிடுவது என்று உறுப்பினர்களே கூடி முடிவு செய்கிறார்கள். கிணறுகளும் பள்ளிக் கட்டடங்களும் இந்தப் பணத்தில் எழுந்தன. கொக்கோ ஓட்டைச் சுட்ட சாம்பலிலிருந்து சோப்பு செய்து விற்கும் தொழிலைப் பெண்கள் குழுக்கள் நடத்தின. அறுவடை இல்லாத மாதங்களில் வீட்டில் காசு புழங்க அது உதவியது. இருப்பினும் நியாய வணிக முறையில் விற்ற சரக்குக்கு மட்டுமே ஊக்கத்தொகை உண்டு. விளைச்சல் முழுவதும் அப்படி விற்பதில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

என்னை மிகவும் ஈர்த்தது 1998இல் அவர்கள் எடுத்த அடுத்த அடி. விதையை விற்பவருக்குச் சாக்லேட் விலையில் சிறு துளிதான் மிஞ்சும் என்பதால், பிரிட்டனில் டிவைன் சாக்லேட் நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதில் பங்குதாரர்களாகவே சேர்ந்தார்கள். 2006இல் பாடி ஷாப் என்னும் அழகுப்பொருள் நிறுவனம் டிவைனில் தனக்கிருந்த பங்குகளைக் கூட்டுறவுக்கே அளித்ததால் அவர்களுடைய பங்கு 45 விழுக்காடாக உயர்ந்தது. இயக்குநர் குழுவிலும் கொக்கோ உழவர்கள் அமர்ந்தார்கள். 2020இல் ஒரு ஜெர்மன் நிறுவனம் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியபின் அவர்களிடம் 20 விழுக்காடு எஞ்சியது. இந்தச் சரிவு எனக்கு வருத்தமளிக்கிறது.

ஆகவே, நீங்கள் ஓர் அமைப்புக்கு உதவவோ அதன் பொருளை வாங்கவோ எண்ணினால், எடை போடுபவரை நியமிப்பது யார், ஊக்கத்தொகையைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் பெண்களுக்கு வாக்கு உண்டா, விற்பனை நிறுவனத்தில் உற்பத்தியாளருக்குப் பங்கு உண்டா என்று முதலில் விசாரியுங்கள்.