பிரிக்பீல்ட்ஸ் புடவைக் கடைக்கு இணையச் செயலி: எந்தத் தொழில்நுட்பம் ஏற்றது?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அக்கா நடத்தும் புடவைக் கடைக்கு இணையத்தில் ஆர்டர் எடுக்கும் செயலி வேண்டும், பைத்தான் ஓரளவு தெரியும், திரைப் பக்கங்களை உருவாக்கும் ரியாக்டும், தரவை ஆவணங்களாகச் சேமிக்கும் மோங்கோடிபியும் கற்றே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பைத்தான் மொழியில் இணையச் செயலி எழுத உதவும், 2005இல் வெளிவந்த ஜாங்கோவும், தரவை அட்டவணைகளாகச் சேமிக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் போதும். கைவந்த மொழியை விட்டுவிட்டு ஓடாதீர்கள்.

முதலில் யோசிக்க வேண்டியது தரவுத்தளத்தைத்தான். தீபாவளிக்கு முந்தைய வாரம், கடைசியாக மிஞ்சிய மயில்கழுத்து நிறப் பட்டுப் புடவையைக் கிள்ளானில் ஒருவரும் ஈப்போவில் ஒருவரும் ஒரே நொடியில் வாங்க அழுத்துகிறார்கள். போஸ்ட்கிரெஸில் அந்தப் புடவையின் இருப்புப் பதிவைப் பூட்டிவிட்டால் இரண்டாமவரின் கோரிக்கை காத்து நிற்கும். முதல் ஆர்டர் முடிந்ததும் ‘இருப்பு இல்லை’ என்று அவருக்குச் சொல்லிவிடலாம். இருப்பைக் குறைப்பதும் ஆர்டரைப் பதிவதும் ஒரே பரிவர்த்தனைக்குள் இருக்கட்டும்: நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது. மோங்கோடிபியிலும் 2018 முதல் இது முடியும். ஆனால் கடைக் கணக்குக்கு அட்டவணைகளே இயல்பாகப் பொருந்தும்.

விலையை, பின்னங்களைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட் எண் வகையில் சேமிக்காதீர்கள், சென் கணக்கு பிசகும். தசம எண்ணை அப்படியே வைக்கும் டெசிமல் வகையே சரி. அக்கா சரக்கு விவரம் ஏற்றுவதற்கான நிர்வாகப் பக்கம் ஜாங்கோவிலேயே இருக்கிறது. ரியாக்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.