"நிதி இல்லை" என்று நகராட்சி சொன்னால்...

கேள்வி: எங்கள் ஊர் எல்லையில் தனியாருக்குச் சொந்தமான 22 ஏக்கர் காடு இருக்கிறது. நடுவே ஒரு ஓடை. பெரியவர் காலமான பிறகு வாரிசுகள் விற்கப் பார்க்கிறார்கள். நகராட்சியே வாங்கிப் பாதுகாக்கட்டும் என்று கையெழுத்து திரட்டி மனு கொடுத்தோம். "இதற்கு நிதி ஒதுக்கீடு இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. இனி என்ன செய்யலாம்?

பதில்: அந்த ஒரு வரியைப் பார்த்து மனம் தளர வேண்டாம். நடப்பு பட்ஜெட்டில் அப்படியொரு தலைப்பு இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது. அடுத்த பட்ஜெட்டில் நுழைய வழி இருக்கலாம். ஆனால் வாரிசுகள் அதுவரை காத்திருப்பார்களா?

அதனால் அடுத்த மனுவை எழுதும் முன் வாரிசுகள் வீட்டுக்குப் போய் வாருங்கள். உங்களுக்கு இப்போது பணத்தைவிட அவகாசம்தான் அவசரம். ஒரு சிறு தொகை கொடுத்து, "இத்தனை மாதத்துக்குள் வாங்கிக்கொள்ளும் உரிமை எங்களுக்கு, அதுவரை வேறு யாருக்கும் விற்பதில்லை" என்று எழுதி வாங்கலாம். ஆப்ஷன் ஒப்பந்தம் என்பார்கள். வாங்கியே ஆகவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. கெடு முடிந்தால் போவது அந்தச் சிறு தொகை மட்டும்தான். "இந்த உரிமையை வேறொரு அமைப்புக்கு மாற்றித் தரலாம்" என்ற வரி அதில் இருக்கிறதா என்று வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள். அது இல்லையென்றால் பிறகு நகராட்சி ஒப்புக்கொண்டாலும் சிக்கல்தான்.

விலையை மட்டும் வாய்ப்பேச்சில் முடித்துவிடாதீர்கள். சுயேச்சையான மதிப்பீட்டாளர் சொல்லும் சந்தை விலைக்கு மேல் பொதுப்பணத்தைக் கொடுக்க உள்ளாட்சிகள் பொதுவாக முன்வராது. பின்னாளில் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தானே.

இனி நகராட்சி. ஒருமுறை நிதி அதிகாரி ஒருவரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். நாற்பது பக்க விண்ணப்பம், பாதிக்கு மேல் பட்டாம்பூச்சிப் படங்கள். அவர் எதையும் பார்க்கவில்லை. நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனார், திரும்பி முன்பக்கம் வந்தார், "வேலி யார் போடுவது? குப்பை கொட்டினால் யார் அள்ளுவது?" என்று கேட்டார். அதற்கு அந்த நாற்பது பக்கத்தில் பதில் இல்லை. கோப்பு அதோடு படுத்துவிட்டது. முதல் ஐந்து வருடப் பராமரிப்புச் செலவையும், அதில் உங்கள் குழு ஏற்கும் பங்கையும் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

அழகைச் சொல்லிக் கேட்பதைவிட, நகராட்சி ஏற்கெனவே கவலைப்படும் ஒன்றோடு முடிச்சுப் போட்டுக் கேட்பது பலிக்கும். நியூயார்க் நகரம், மாநில அரசோடும் மலைப்பகுதி ஊர்களோடும் 1997-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, நகரத்துக்கு வெளியே, தன் குடிநீர் வரும் மலைப்பகுதிகளில், விற்க விரும்பியவர்களிடம் நிலம் வாங்கியது. காட்டின் மேல் கொண்ட காதலால் மட்டுமல்ல. பல நூறு கோடி டாலர் பிடிக்கும் வடிகட்டும் ஆலையைத் தவிர்க்கத்தான். உங்கள் ஓடை எங்கே போய்ச் சேர்கிறது? அடுத்த மழையில் கவுன்சிலரை அழைத்துப்போய், அதன் கீழ்ப்புறத் தெருவில் நின்று காட்டுங்கள்.

பணம் எங்கிருந்து என்று கேட்பார்கள். முன்மாதிரிகள் கைவசம் இருக்கட்டும். அமெரிக்காவின் போல்டர் நகர மக்கள் 1967-லேயே விற்பனை வரியில் ஒரு பகுதியைத் திறந்தவெளி நிலம் வாங்க ஒதுக்கி வாக்களித்தார்கள். அதே நாட்டின் நான்டக்கெட் தீவில், 1983-ல் இயற்றிய சட்டத்தின்படி, நிலமோ வீடோ கைமாறும்போது விலையில் 2% இதற்கென்று வசூலாகிறது. உங்கள் நகராட்சிக்கு அப்படி வரி போடும் அதிகாரம் இருக்கிறதா என்பதை அதன் சட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அது இல்லாவிட்டாலும், மேல்மட்ட அரசின் திட்டங்களில் பல "நீ பாதி போட்டால் நான் பாதி" என்ற வகை. அந்த வாசலில் விண்ணப்பம் போட உள்ளாட்சியின் ஒரு தீர்மானமும் சிறு பங்கும் போதுமானதாக இருக்கலாம். முழுத்தொகை கேட்பதைவிட அந்தத் தீர்மானத்தைக் கேட்பது சுலபம்.

முழு நிலமும் வாங்க முடியாத நிலை வந்தால் இன்னொரு வழி உண்டு. நிலம் வாரிசுகளிடமே இருக்கட்டும், அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் விலைக்கு வாங்கலாம். நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் மாவட்டம் 1974-ல் விவசாய நிலங்களுக்காக இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. ஓடைக்கரையை மட்டும் வாங்கி, மீதிக்கு இதைச் செய்யலாம். விற்பதா வேண்டாமா என்று வாரிசுகளுக்குள்ளேயே பேச்சு ஒத்துப்போகாதபோது இது அவர்களுக்கும் வசதி.

வில்லங்கம், எல்லை அளவு, மண்ணுக்கடியில் பழைய குப்பைக்குழியோ எண்ணெய்த் தொட்டியோ இருக்கிறதா என்பதையெல்லாம் கெடு முடியும் முன் பார்த்துவிடுங்கள்.

பத்திரம் நகராட்சி பெயரில் பதிவானதும் மாலை போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். இன்று வாங்கிய மன்றம் வேறு, பத்து வருடம் கழித்து வரும் மன்றம் வேறு. அவர்கள் அதை வாகன நிறுத்துமிடமாக்க நினைத்தால் தடுக்க ஒன்று வேண்டும். "இயற்கை நிலமாகவே இருக்க வேண்டும்" என்ற நிபந்தனை பத்திரத்திலேயே ஏறட்டும். அதை வழக்காடி நிலைநாட்டும் உரிமை நகராட்சிக்கு வெளியே உள்ள ஓர் அறக்கட்டளையின் கையில் இருக்கட்டும்.